ரெண்டு கையெழுத்து இருந்தால்தான் பணம்: தபால் ஆபீஸ் ஜாயிண்ட் ‘ஏ’ கணக்கு, என் அனுபவம்

ஐந்துக்கு நாலு ஸ்டார் கொடுக்கிறேன். “தபால் ஆபீஸ் கணக்குக்கெல்லாம் யாராச்சும் ரிவ்யூ எழுதுவாங்களாக்கா?” என்று தம்பி சிரித்தான். மிக்ஸிக்கு எழுதுகிறார்கள், பிரியாணிக் கடைக்கு எழுதுகிறார்கள். அதையெல்லாம் விட இதை நான் அதிகம் பயன்படுத்தியிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

பவானியில் வீட்டு முன்னறையில் தையல் வேலை செய்கிறேன். லைனிங் பிளவுஸ் 400, சாதா 180, புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கத் தனிக் கணக்கு. வயது 41. கல்யாணமாகி, அது நிலைக்காமல், அம்மா வீட்டுக்கே திரும்பி வந்து 13 வருஷம் ஆகிறது. டாக்டர் ‘பைபோலார்’, அதாவது மனசு மாறி மாறி ஏறி இறங்குகிற நோய், என்று எழுதிக் கொடுத்து 9 வருஷம். தினமும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். சில மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, மருந்து அளவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்த 9 வருஷத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, கை நடுங்குகிறதா, யாராவது பேசுவது போலக் கேட்கிறதா என்று ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார்கள். “பாஸ்புக் எப்படி இருக்கு?” என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மற்ற கேள்வியெல்லாம் தேவைப்பட்டிருக்காது. என் நோய் முதலில் தலைகாட்டுவது பாஸ்புக்கில்தான்.

வியாதியைப் பற்றி ரொம்பச் சொல்லப் போவதில்லை. இறங்குமுகத்தில் பாயை விட்டு எழ மாட்டேன், கொக்கி தைக்கக்கூட கை வராது. ஏறுமுகத்தில் தூக்கம் வேண்டாம், சோறு வேண்டாம். எல்லாரும் சொந்தம், தொட்டதெல்லாம் துலங்கும், கையில் இருக்கிற பணம் எப்போதும் தீராது என்று தோன்றும். அந்த நேரத்தில் என்னைப் போல ஒரு வாடிக்கையாளர் எந்தக் கடைக்காரனுக்கும் கிடைக்க மாட்டாள்.

2023 மார்ச்சில் 11 நாளில் நான் செய்த செலவு, தம்பி பிற்பாடு உட்கார்ந்து எழுதியபடி: இளம்பிள்ளைக்குப் போய் 84 புடவை, ஒன்று 650 வீதம் 54,600. ஓவர்லாக் மெஷின் இரண்டு, 38,000. மெயின் ரோட்டில் ‘பொட்டிக்’ வைக்கக் கடைக்கு அட்வான்ஸ் 50,000. தம்பி மகனுக்கு போன் 22,000; அவன் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தான். ஒன்றுவிட்ட பெரியம்மா பேத்தி காதுகுத்துக்கு மொய் 10,001. மொத்தம் 1,74,601. கடைசியில் அந்த ஒரு ரூபாய் மொய்யில் வந்தது என்று தம்பி சொன்னபோது அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

பணம் எங்கிருந்து வந்தது? பேங்கில் இருந்த சேமிப்பு கிட்டத்தட்ட 60,000 போனது. மூணு பவுன் சங்கிலியை நகைக்கடனுக்கு வைத்தேன், 90,000. எடை போட்டு, உரசிப் பார்த்து, பணத்தை எண்ணி வைக்க அவர்களுக்கு டீ குடிக்கிற நேரம் போதும். மீதி 25,000 ஒரு லோன் ஆப்பில். அந்தப் பணம் கணக்கில் ஏறியதாக மெசேஜ் வந்த நேரம் விடிகாலை மூணேகால். மூணேகால் மணிக்கு ஒரு பொம்பளை எதற்குக் கடன் கேட்கிறாள் என்று கேட்க அங்கே மனுஷன் யாரும் இல்லை.

அப்புறம் இறங்குமுகம். ஜூன் முதல் செப்டம்பர் வரை போனைத் திறக்கவே பயம். ஒரு தவணை தவறியதற்கு அபராதம் 500, அதற்கு வரி 90, ஆக 590 ரூபாய். இரண்டு லைனிங் பிளவுஸ் தைத்தாலும் கைக்கு அதைவிடக் கொஞ்சம்தான் கூட நிற்கும். தம்பிதான் ஆப் கடனை அடைத்தான். கடை அட்வான்ஸில் பாதி திரும்பியது. புடவையை ஃபால்ஸ் அடிக்க வந்தவர்களிடமே தவணைக்கு விற்றோம். ஒரு ஓவர்லாக்கை விற்றோம், ஒன்று இன்னும் ஓடுகிறது. தீபாவளிக்கு முன்னால் சங்கிலியை மீட்டாயிற்று.

அடுத்த தடவை வரும் என்று எனக்குத் தெரியும். மாத்திரை சாப்பிட்டாலும் வரலாம். அது வருகிறபோது பணம் என் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். ஆனால் அது என் பணமாகவே இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்த ஒரு இடத்தைத் தேடினேன்.

முதலில் போனிலேயே பார்த்தேன். பேங்க் ஆப்பில் யுபிஐ தினசரி வரம்பை 2,000 என்று குறைத்துக்கொள்ள முடிந்தது. நல்ல வசதிதான். ஆனால் குறைத்த அதே விரலால் நடுராத்திரியில் கூட்டவும் முடியும். பூட்டைப் போட்டு, சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட கதை. அந்தக் கணக்கை இப்போதும் வைத்திருக்கிறேன், வாடிக்கையாளர் ஸ்கேன் செய்து கொடுக்கும் பணம் அதில்தான் வந்து விழும். அங்கே தங்க விடுவதில்லை, அவ்வளவுதான்.

அடுத்து, எனக்குப் பதிலாக என் பண விவகாரத்தைப் பார்க்கத் தம்பிக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். என்னிடம் பிளவுஸ் தைக்கிற ஒரு வக்கீலம்மா இருக்கிறார். அளவு கொடுக்க வந்தவரிடம் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே கேட்டேன். “வேண்டாங்க. பவர் குடுத்தவருக்குச் சித்தம் சரியில்லைன்னு ஆனா, ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவுப்படி அந்தப் பவரே முடிஞ்சு போகும்” என்றார். நல்லா இருக்கிறபோது செல்லும், வேண்டுகிற நேரத்தில் செல்லாது. மழை வந்தால் மடங்கிக்கொள்கிற குடை.

அதே சட்டத்தில் 12-ஆம் பிரிவு என்று ஒன்று இருப்பதையும் அவர்தான் சொன்னார். 1872-இல் எழுதியது. பெரும்பாலான நேரம் சித்தம் சரியில்லாதவராக இருந்து, அவ்வப்போது தெளிவாக இருக்கிறவர், தெளிவாக இருக்கிற நேரத்தில் ஒப்பந்தம் செய்யலாம் என்கிறது. நான் பெரும்பாலான நேரம் தெளிவு, அவ்வப்போதுதான் இல்லை. ஆனாலும் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒரு வெள்ளைக்காரன் என்னைப் போல ஒருத்தியைப் பார்த்திருக்கிறான் என்று தோன்றியது. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் நேராகவே சொல்கிறது: 13-ஆம் பிரிவில், சொத்து வைத்துக்கொள்ளவும் தன் பண விவகாரத்தைத் தானே பார்த்துக்கொள்ளவும் மற்றவர்களுக்கு இருக்கிற உரிமை எங்களுக்கும் உண்டு. மனநோயும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது.

2017 மனநலச் சட்டத்தில் இன்னொரு நல்ல விஷயம்: நோய் முற்றினால் எனக்கு எப்படி வைத்தியம் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்கக் கூடாது என்று நல்லா இருக்கிறபோதே எழுதி வைக்கலாம், எனக்காகப் பேச ஒருவரையும் நியமிக்கலாம். ஆனால் அது வைத்தியத்துக்கு மட்டும். பணத்துக்கு நாமேதான் ஏதாவது ஜோடனை பண்ணிக்கொள்ள வேண்டும். நான் பண்ணிய ஜோடனைதான் இந்த ஜாயிண்ட் ‘ஏ’.

இனி பொருளைப் பற்றி. தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கை இரண்டு பேர் சேர்ந்து தொடங்கினால் ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு வகை. ‘பி’ என்றால் யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டு எடுக்கலாம். ‘ஏ’ என்றால் இரண்டு பேரும் போட்டால்தான். தொடங்க 500 ரூபாய். வட்டி 4 சதவீதம். மாதம் 10-ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையில் இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி, அதனால் 10-ஆம் தேதிக்குள் போடுங்கள். மார்ச் 31 அன்று 500-க்குக் கீழே போனால் 50 ரூபாய் பிடிப்பார்கள்.

எனக்குப் பிடித்த விதிகள் இரண்டு. ஒன்று, கூட்டுக் கணக்கைத் தனிக் கணக்காக மாற்ற முடியாது. ஏறுமுகத்தில் நான் போய், “தம்பி பேரை எடுத்துடுங்க” என்று எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் நடக்காது. இரண்டு, நெட் பேங்கிங், மொபைல் பேங்கிங் எல்லாம் தனிக் கணக்குக்கும் ‘பி’ கணக்குக்கும்தான். ‘ஏ’ கணக்குக்குக் கிடையாது. இதை ஒரு குறையாகத்தான் எல்லாரும் சொல்வார்கள். நான் இதற்காகவே இரண்டு ஸ்டார் கொடுக்கிறேன்.

2023 நவம்பரில் கணக்குத் தொடங்கப் போனோம். கவுண்டரில் இருந்தவர் படிவத்தைப் பார்த்துவிட்டு, “பி போட்டுக்கலாங்களே, எல்லாரும் பி தான் போடுவாங்க. ஏ போட்டா அவசரத்துக்குத் தனியா எடுக்க முடியாதுங்” என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். தம்பி என்னைப் பார்த்தான். “எனக்கு அவசரமா எடுக்கவே கூடாதுங்” என்றேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் ‘ஏ’வில் டிக் போட்டார்.

கையெழுத்து பற்றி ஒரு எச்சரிக்கை. லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்குக் கை லேசாக நடுங்கும். எனக்கு ஊசியில் நூல் கோர்ப்பதே சில காலையில் ஒரு யாகம். பழைய கையெழுத்து நீளமாக, சுழித்து, கடைசியில் பாம்பு வால் போல இழுத்து முடியும். முன்பு ஒரு பேங்கில் அது ஒத்துப்போகவில்லை என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை எல்லார் முன்னாலும் அழுதேன். இந்தக் கணக்குக்கு மாதிரிக் கையெழுத்துப் போடும்போது இரண்டே எழுத்து, நடுக்கம் தெரியும்படியே போட்டேன். உங்கள் நல்ல நாள் கையெழுத்தைக் கொடுக்காதீர்கள். மோசமான நாளிலும் எது வருமோ அதைக் கொடுங்கள்.

அதே நாளில் ஆர்.டி.யும், அதாவது மாதாமாதம் ஒரே தொகை கட்டிச் சேர்க்கிற கணக்கும், தொடங்கினேன், அதுவும் ஜாயிண்ட் ‘ஏ’. மாதம் 2,000, ஐந்து வருஷம், அப்போது அறிவித்திருந்த வட்டி 6.7 சதவீதம். தொடங்கிய நாளின் வட்டி கடைசிவரை மாறாது. 60 தவணை முடிந்தால் 1,20,000 போட்டதற்கு ஏறக்குறைய 1,42,700 வரும். மூணு வருஷம் முடியும்வரை முன்கூட்டி மூடவே முடியாது. 12 தவணை கட்டிய பிறகு, இருக்கிற தொகையில் பாதிவரை கடன் வாங்கலாம். அதற்கும் இரண்டு கையெழுத்து. இதுவரை 27 தவணை கட்டியிருக்கிறேன். என் வாழ்க்கையில் நான் தொடர்ந்து 27 தடவை செய்த காரியம் வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. மாத்திரைகூட நடுவில் விட்டிருக்கிறேன்.

27 தவணைக்கு என்னைவிட ஏஜென்ட் அக்காதான் காரணம். சிறுசேமிப்புக்கு வீடு வீடாக வந்து வசூல் செய்கிற பெண் முகவர்கள் உண்டு, தெரியும்தானே. அவர்களுக்கு அரசு 4 சதவீதம் கமிஷன் தருகிறது, நாம் தனியாக எதுவும் தர வேண்டியதில்லை. எங்கள் தெரு அக்கா 5-ஆம் தேதி வருவார். மஞ்சள் பை, அதற்குள் ரப்பர் பேண்ட் போட்ட அட்டைக் கட்டு. பணத்தை வாங்கி அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அம்மாவிடம் ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போவார். எந்த ஆப்பிலும் இந்த வசதி இல்லை. போன வருஷம் ஜூனில் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது வந்தவர், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “ஏங்கண்ணு, இந்த மாசம் விட்டுட்டா ஒண்ணுங் குடிமுழுகிப் போகாது. அடுத்த மாசம் சேத்திக் கட்டிக்கலாம், தூங்கு” என்று தலையைத் தடவிவிட்டுப் போனார். ஆர்.டி. தவறினால் அபராதம் நூற்றுக்கு ஒரு ரூபாய். 2,000 தவணைக்கு 20 ரூபாய். அந்த 590-ஐயும் இந்த 20-ஐயும் நான் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அளவு நோட்டின் உள் அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரு எச்சரிக்கை: நாலு தவணைக்கு மேல் தவறவிட்டால் கணக்கு நின்றுபோகும், இரண்டு மாதத்துக்குள் உயிர்ப்பிக்க வேண்டும். நீண்ட இறங்குமுகம் உள்ளவர்கள் வீட்டில் ஒருவரிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

சரி, நிஜமான சோதனை வந்தபோது இந்தப் பூட்டு தாங்கியதா?

2024 ஆகஸ்ட். மூன்று நாளாக நான் சரியாகத் தூங்கவில்லை. தூங்காததே பெருமையாக இருந்தது. சத்தியமங்கலம் ரோட்டில் மனை போடுகிறார்கள், முன்பணம் 30,000 கட்டினால் போதும் என்று ஒரு நோட்டீஸ் கையில் கிடைத்தது. சேமிப்புக் கணக்கில் 38,000 இருந்தது. சனிக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, மெஷின் மேல் லைட்டைப் போட்டு, அளவு நோட்டை எடுத்து, தம்பியின் கையெழுத்தைப் பழகினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இதை விட்டுவிட்டு நாலு ஸ்டார் கொடுத்தால் அது பொய். இரண்டு பக்கம் முழுக்கப் பழகினேன். அந்தப் பக்கங்கள் இன்னும் இருக்கின்றன, யாரோ ஒருவரின் கை நீளத்துக்கும் கழுத்து இறக்கத்துக்கும் நடுவில் என் தம்பி பெயர் இருபது முப்பது தடவை. கடைசி ஐந்தாறு நன்றாகவே வந்திருக்கிறது.

ஆனால் விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. தபால் ஆபீஸ் லீவு.

ஞாயிறு முழுக்க நான் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். காலையில் நோட்டைப் பார்த்த அம்மா தம்பியைக் கூப்பிட்டாள். அவன் 14416-க்கு போன் போட்டான். டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், 2022-இல் அரசு தொடங்கியது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான் தபால் ஆபீஸில் இல்லை, ஈரோட்டில் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மருந்தைக் கூட்டினார்கள். மூன்று வாரத்தில் இறங்கி வந்தேன், இந்தத் தடவை அடிபடாமல். 38,000 அப்படியே இருந்தது.

2016-இல் வந்த யுபிஐ-க்கு ஞாயிறும் கிடையாது, ராத்திரியும் கிடையாது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஸ்கேன் அட்டை மாட்டிய பிறகு எனக்கு வாடிக்கையாளர் பாக்கி பாதியாகக் குறைந்தது. ஆனால் என் மூளைக்கே லீவு இல்லாத நாட்களில், பணத்துக்காவது லீவு இருக்க வேண்டும்.

இதுவரை எழுதியதைப் படித்தால் தம்பி தெய்வம் மாதிரித் தெரிவான். அவசரப்படாதீர்கள். 2025 பிப்ரவரியில் புடவை ஓரம் அடிக்கிற பிக்கோ மெஷின் வாங்க நினைத்தேன், 14,500. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன், மருந்து சரியாக எடுத்துக்கொண்டிருந்தேன். வாரத்துக்கு எத்தனை புடவை வருகிறது, எத்தனை நாளில் முதல் தேறும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவன் படிவத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “பத்து நாள் போகட்டுங்க்கா, பாக்கலாம்” என்றான். பத்து நாள் கழித்தும், “இப்ப எதுக்குக்கா மெஷினு” என்றான். அவன் மனைவி, “மறுபடியும் ஆரம்பிச்சிருச்சாட்டம்” என்று அடுப்படியில் அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் மனைக்கு வந்த வேகத்தைவிட மோசம். ஏறுமுகத்தில் பணத்தைத் தொலைப்பதைவிட, தெளிவாக இருக்கும்போது என் ஆசைக்கு நோயின் பெயர் வைப்பது வலிக்கிறது. எதை விரும்பினாலும் ஒரு சந்தேகப் பார்வை. சத்தமாகச் சிரித்தால்கூட அம்மா மாத்திரை டப்பாவை எண்ணுகிறாள். இந்தப் பூட்டை மாட்டியது நான். அதை மறந்துவிட்டு, தன் பூட்டு மாதிரி அவன் நடந்துகொண்டான்.

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் 40 பக்க நோட்டு ஒன்றை வாங்கி எங்கள் விதியை எழுதினோம். 5,000 வரைக்கும் காரணம் கேட்காமல் அவன் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு மேல் என்றால் ஏழு நாள் ஆறப் போடுவது. எட்டாம் நாளும் எனக்கு வேண்டும் என்றால், அவனுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் போட வேண்டும். அந்த ஏழு நாளில் இரண்டு ராத்திரி நான் நாலு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால் மட்டும் கணக்கு நிற்கும், டாக்டரைப் பார்த்த பிறகு மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணுவோம். என் உறக்கத்துக்கு அம்மா சாட்சி. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். கோர்ட்டில் செல்லுமா என்று வக்கீலம்மாவைக் கேட்கவில்லை. பிக்கோ மெஷின் எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தது. முதல் தேறிவிட்டது என்பதைத் தம்பி மனைவியிடம் மாதம் ஒருமுறை சொல்கிறேன்.

அதனால், இந்தக் கணக்கு தொடங்கப் போகிறவர்கள் படிவத்தோடு அந்த 40 பக்க நோட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது பெயர் யார் என்பது வட்டி வீதத்தைவிட முக்கியம். அவர் இந்தப் பணத்தில் பங்காளி ஆகிறார். ஒருவர் காலமானால் மற்றவருக்குப் போகும். புருஷன் குடிக்கிறவர், அண்ணன் கடனாளி என்றால் இது பூட்டாக இருக்காது, பொறியாக இருக்கும். நம்பிக்கையான ஆள் இல்லாதவர்களுக்கு ஜாயிண்ட் ‘ஏ’ நான் சொல்ல மாட்டேன். அவர்கள் தனி ஆர்.டி. போடலாம், அல்லது ஆறு மாதம் வரை எடுக்கவே முடியாத டைம் டெபாசிட் போடலாம். அதற்கு மூடும் விதியே காவல்.

ஒரு ஸ்டார் குறைத்ததற்கு வருகிறேன். இறங்குமுகத்தில் எழ முடியாதபோது இந்தக் கணக்கும் என்னோடு படுத்துக்கொள்ளும். போனில் பார்த்துக்கொள்ள வழியில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் வந்த சமயம், தம்பி வேலை விஷயமாக வெளியூரில். எங்கள் பணம் எங்களுக்கே மூன்று நாள் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் 6,000 ரூபாயை அரிசி டின்னுக்குப் பின்னால் அம்மா கையில் தனியாக வைத்திருக்கிறோம். எனக்கு இடம் தெரியும். அம்மா மாற்றி வைத்திருப்பாள் என்றும் தெரியும்.

ஆனால் பாதி ஸ்டார் அதற்குத்தான். மீதிப் பாதி ஒரு சொல்லுக்கு. யார் யார் கணக்குத் தொடங்கலாம் என்ற பட்டியலில் மைனருக்காகக் காப்பாளர் என்று ஒரு வரி. அதற்கு அடுத்தது, ‘அன்சவுண்ட் மைண்ட்’ உள்ளவருக்காகக் காப்பாளர். படிவம் நிரப்பிய அன்று தம்பியின் விரல் அந்த வரியில் ஒரு நொடி நின்றது. பிறகு நகர்ந்து ‘கூட்டுக் கணக்கு’க்குப் போனது. நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அப்படி ஒரு ஏற்பாடு தேவைப்படுகிற குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரிக்கும் ‘தனிநபர்’ என்ற வரிக்கும் நடுவில் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வரி இல்லை. வருஷத்தில் பதினோரு மாதம் முழு ஆள், ஒரு மாதம் கொஞ்சம் பிடித்துக்கொள்ள வேண்டியவள். ‘ஏ’ என்ற எழுத்தை நான்தான் அப்படிப் பயன்படுத்திக்கொண்டேன், அவர்கள் அதற்காக வைக்கவில்லை.

அந்த 10,001 மொய் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். காதுகுத்துக்காரர்கள் அதை மொய் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். தம்பி மகள் சீருக்குப் போன மாதம் வந்து, எங்கள் நோட்டில் 10,501 எழுதினார்கள். 2023-இல் நான் செய்த செலவில் கூடுதலாகத் திரும்பியது அது ஒன்றுதான். “அது உன் பணந்தான்க்கா” என்று தம்பி கவரோடு கொடுத்தான். ஒரு ரூபாயை எடுத்துச் சாமி உண்டியலில் போட்டுவிட்டு, மீதி 10,500-ஐ செவ்வாய்க்கிழமை நானே நடந்து போய்க் கணக்கில் கட்டினேன். கட்டுவதற்கு ஒரு கையெழுத்து போதும்.